பக்கத்துக்கு ஒரு தாழ்ப்பாள்: பின்னூட்டங்களைத் திறப்பதும் மூடுவதும்

பழைய மாணவர் சங்கம் ஒன்றின் இணையதளத்தைச் சில ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்கிறேன். பெரிய தளம் ஒன்றும் இல்லை. கூட்ட அறிவிப்பு, ஆண்டு விழாப் படங்கள், வரவு செலவு, அவ்வளவுதான். அந்தப் பள்ளியின் பழைய கணக்கு வாத்தியார் இறந்தபோது அஞ்சலிப் பக்கம் ஒன்று போட்டோம். கீழே பின்னூட்டப் பெட்டி திறந்தே இருந்தது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதினார்கள். பொதுத்தேர்வு அன்று பஸ்ஸைத் தவறவிட்டவனைத் தன் சைக்கிளில் உட்காரவைத்துத் தேர்வு மையத்துக்குக் கூட்டிப்போன கதையை ஒருவர் எழுதியிருந்தார். உள்ளபடி சொன்னால், நாங்கள் எழுதிய அஞ்சலியைவிடக் கீழே வந்தவைதான் படிக்கும்படி இருந்தன.

இரண்டு மாதம் கழித்துச் சங்கச் செயலாளர் போன் செய்தார். "தம்பி, சாரோட படத்துக்குக் கீழ எவனோ ஷூ விக்கிறான்."

போய்ப் பார்த்தால் ஷூ மட்டுமா, கடன், மாத்திரை, சூதாட்டம் எல்லாமே இருந்தன. ஒவ்வொன்றாக அழித்தேன். இனி வராமல் இருக்கட்டும் என்று பின்னூட்டத்தையும் மூடினேன். அவசரத்தில் எதை அழுத்தினேன் என்று கவனிக்கவில்லை. மறுநாள் வாத்தியாரின் மகளிடமிருந்து செய்தி: "அப்பாவைப் பத்தி எல்லாரும் எழுதினது எங்கண்ணா போச்சு?"

எங்கும் போகவில்லை. மறைந்துதான் இருந்தன. ஒரு நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஆனாலும் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. 'பின்னூட்டத்தை மூடு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. இனி யாரும் புதிதாக எழுத முடியாது என்பது ஒன்று. ஏற்கனவே எழுதியவை கண்ணுக்குத் தெரியாது என்பது வேறொன்று. இதையெல்லாம் முடிவு செய்கிற சாவி யார் கையில் என்பது மூன்றாவது. புதிதாகத் தளம் நடத்த வருகிறவர்கள் இவற்றைக் குழப்பிக்கொண்டுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கமெண்ட், கருத்து, மறுமொழி, பின்னூட்டம் எல்லாம் ஒன்றுதான். வலைப்பதிவுக் காலத்திலிருந்து வாயில் ஒட்டிக்கொண்டதால் நான் பின்னூட்டம் என்றே எழுதுகிறேன்.

மெயின் ஸ்விட்ச் என்று நினைக்காதீர்கள்

இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸை எடுத்துக்கொள்வோம். உலகத்து இணையதளங்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. உங்களுடையதும் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். வேர்ட்பிரஸில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவும் தரவுத்தளத்தில் ஒரு வரிசையாகப் பதிவாகிறது, பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனுக்கு ஒரு வரி இருப்பதைப் போல. தலைப்புக்கு ஒரு கட்டம், எழுதிய தேதிக்கு ஒரு கட்டம், கட்டுரை முழுவதற்கும் ஒரு கட்டம். அதே வரியில் 'கமெண்ட் ஸ்டேட்டஸ்' என்று ஒரு சின்னக் கட்டமும் உண்டு. அதில் 'ஓப்பன்' என்றோ 'க்ளோஸ்டு' என்றோ ஒரே ஒரு சொல் இருக்கும். பக்கத்தின் கீழே பெட்டி வருமா வராதா என்பதற்கு அடிப்படை அந்த ஒரு சொல்தான்.

ஆக, தாழ்ப்பாள் இருப்பது தளத்தில் இல்லை, பக்கத்தில். வீட்டு வாசலுக்கு ஒன்று என்றில்லாமல் அறைக்கு ஒன்று.

அப்படியானால் செட்டிங்ஸுக்குள் 'டிஸ்கஷன்' என்று ஒரு பெரிய பக்கம் இருக்கிறதே, அது என்ன? இங்கேதான் பாதிப்பேர் வழுக்கி விழுகிறார்கள். அங்கே மேலேயே, புதிய பதிவுகளில் பின்னூட்டம் எழுத அனுமதிக்கவும் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை எடுத்துவிட்டால் தளம் முழுவதும் மூடிக்கொள்ளும் என்று நினைப்போம். மூடாது. 'புதிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். இனி பிறக்கப்போகும் பதிவின் நெற்றியில் எந்த முத்திரை குத்துவது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. நேற்று வரை எழுதிய ஐந்நூறு பதிவுகளின் நெற்றியில் ஏற்கனவே 'ஓப்பன்' குத்தியாகிவிட்டது. அவை அப்படியே இருக்கும். டிக்கை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போனவர் காலையில் எழுந்து, பழைய பதிவுகளில் குப்பை குவிந்திருப்பதைப் பார்த்துத் தலையில் கைவைப்பது இதனால்தான்.

இன்னொன்று. வேர்ட்பிரஸில் பதிவு வேறு, பக்கம் வேறு. செய்தி, கட்டுரை போலத் தேதியோடு வரிசையில் சேர்பவை பதிவுகள். 'எங்களைப் பற்றி', 'தொடர்புக்கு' போன்று ஓரிடத்தில் நிலையாக நிற்பவை பக்கங்கள். முன்பெல்லாம் இரண்டுக்கும் ஒரே நடைமுறைதான். தொடர்புப் பக்கத்தின் கீழே போய் யாராவது 'நல்ல பதிவு, நன்றி' என்று எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். 2015 ஆகஸ்டில் வந்த 4.3 பதிப்பிலிருந்து, புதிதாக உருவாக்கும் பக்கங்களுக்கு இயல்பாகவே 'க்ளோஸ்டு' முத்திரைதான். பக்கத்தில் பின்னூட்டம் வேண்டும் என்றால் நீங்களே போய்த் திறக்க வேண்டும்.

கை வைக்கும் இடம்

சரி, எங்கே போய்த் திறப்பது? ஒரு பதிவைத் திருத்தும் திரைக்குப் போங்கள். வலப்பக்கத்தில் ஒரு பட்டை இருக்கும். அதில் இரண்டு தாவல்கள்: ஒன்று பதிவுக்கு, ஒன்று அப்போது நீங்கள் கைவைத்திருக்கும் பத்திக்கு. பதிவுக்கானதை அழுத்துங்கள். நிலை, வெளியிட்ட தேதி, எழுதியவர் என்று வரிசையாக வரும். கொஞ்சம் கீழே 'டிஸ்கஷன்'. அதை அழுத்தினால் ஓப்பன், க்ளோஸ்டு என இரண்டு வட்டங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே உள்ள சேமிக்கும் பொத்தானை மறக்காமல் அழுத்த வேண்டும். மறந்துவிட்டு 'நான் மூடினேனே' என்று சொல்பவர்கள் நிறைய. நானும் அதில் ஒருவன். பழைய பதிப்பாக இருந்தால் வட்டங்களுக்குப் பதில் ஒரே ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைவிடப் பழைய, கிளாசிக் எடிட்டர் என்கிறோமே, அதில் டிஸ்கஷன் பெட்டியே கண்ணில் படாமல் இருக்கலாம். திரையின் மேல்மூலையில் 'ஸ்க்ரீன் ஆப்ஷன்ஸ்' என்று ஒன்று சுருண்டு கிடக்கும். அதை விரித்து டிஸ்கஷனுக்கு டிக் போட்டால்தான் பெட்டி எட்டிப்பார்க்கும்.

ஒரே நேரத்தில் ஐம்பது பழைய பதிவுகளை மூட வேண்டுமா? ஒவ்வொன்றாகத் திறக்கத் தேவையில்லை. பதிவுகளின் பட்டியலில் வேண்டியவற்றுக்கு டிக் போட்டு, மொத்தமாகத் திருத்தும் 'பல்க் எடிட்'டைத் தேர்ந்தெடுத்தால், பின்னூட்டம் என்ற இடத்தில் அனுமதி, அனுமதி இல்லை, மாற்றம் வேண்டாம் என்று மூன்று தெரிவுகள் வரும். ஒரே சொடுக்கில் ஐம்பது தாழ்ப்பாள். முதல்முறை செய்யும்போது பட்டியலில் ஒரு திரைக்கு இருபது பதிவுகள்தான் தெரியும் என்பதை மறந்துவிட வேண்டாம். அடுத்த திரைக்குப் போய் மறுபடியும் செய்ய வேண்டும்.

இப்படி மூடிய பதிவில் என்ன நடக்கும்? புதிதாக எழுதும் பெட்டி போய்விடும். ஏற்கனவே வந்தவை அப்படியே தெரியும். வேர்ட்பிரஸில் மூடுவது என்றால் அவ்வளவுதான். கடைக்கு ஷட்டர் போட்ட பிறகும் உள்ளே அடுக்கியிருப்பது கண்ணாடி வழியே தெரிவது போல.

ஆனால் எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. என் கதை நடந்தது கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில். அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று தெரிவுகள்: ஒன்று, அனுமதி; இரண்டு, அனுமதி இல்லை, ஆனால் இருப்பவற்றைக் காட்டு; மூன்று, அனுமதி இல்லை, இருப்பவற்றையும் மறை. நான் இரண்டாவதை அழுத்துவதாக நினைத்து மூன்றாவதை அழுத்தினேன். வாத்தியாரின் நினைவுகள் எல்லாம் திரைக்குப் பின்னால் போய்விட்டன. வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபலிலும் இதே மூன்று நிலைகள்தான்: திறந்தது, மூடியது, மறைத்தது. யூடியூபில் காணொளி போடுகிறவர்களுக்கு இதே சங்கதி வேறு பெயரில் பழக்கமாகியிருக்கும். 'பாஸ்' என்று வைத்தால் பழையவை நிற்கும், புதியவை வராது. 'ஆஃப்' என்றால் பழையவையும் கண்ணிலிருந்து போய்விடும்.

என்னைக் கேட்டால், மறைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். எழுதியவர் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறார். திடீரென்று காணாமல் போனால் தன்னை நீக்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். சண்டை முற்றி, உள்ளதே கேவலமாகிவிட்டது, அல்லது யாருடைய தொலைபேசி எண்ணையோ நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்றால் மட்டும் மறைக்கலாம்.

சாவி யாரிடம்?

நான் ஒருவனே எல்லாப் பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவரை இந்தக் கேள்வி எழவே இல்லை. சங்கத்தில் செய்திக்கு ஒருவர், படங்களுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொடுத்த பிறகுதான் எழுந்தது. ஒரு பக்கத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் அதை எழுதியவர். அதில் சண்டை வருமா வராதா என்று முதலில் மூக்கில் வேர்ப்பதும் அவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு பதிவில் தீப்பிடித்தால், அவர் என்னைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தானே மூடிவிட்டுத் தூங்கப்போக வேண்டும். அதே சமயம், அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறேன் என்று முழுத் தளத்தின் சாவிக்கொத்தையும் நீட்டவும் கூடாது.

வேர்ட்பிரஸில் இந்தப் பாகுபாடு ஓரளவு நன்றாகவே அமைந்திருக்கிறது. அதில் ஐந்து வேடங்கள்: நிர்வாகி, ஆசிரியர் என்று நாம் சொல்லும் எடிட்டர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர். எடிட்டர் யாருடைய பதிவையும் பக்கத்தையும் திருத்தலாம். எனவே எந்தப் பக்கத்தின் தாழ்ப்பாளையும் போடலாம், எடுக்கலாம். வரும் பின்னூட்டங்களைப் படித்து அனுமதிக்கலாம், குப்பையில் போடலாம். ஆனால் செட்டிங்ஸ் பட்டியல் அவர் கண்ணுக்கே தெரியாது. புதிய பதிவுகளுக்கு என்ன முத்திரை என்பது நிர்வாகியின் கையில் மட்டும். எழுத்தாளர் தன் பதிவுகளின் தாழ்ப்பாளைத் தொடலாம், அடுத்தவருடையதைத் தொட முடியாது. பங்களிப்பாளர் எழுதிக் கொடுப்பதோடு சரி.

ட்ரூபல் 7-இல் இது இவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு பக்கத்தில் பின்னூட்டத்தைத் திறந்து மூடும் பெட்டி, பின்னூட்டங்கள் அனைத்தையும் நிர்வகிக்கும் உரிமை உள்ளவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு ஜன்னலைச் சாத்த வேண்டும் என்றால் வீட்டையே எழுதிக்கொடுக்க வேண்டும் என்கிற கதை. எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், ஆள் சேர்ப்பதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். எடிட்டர் வேடத்தில் ஒரு சோதனைக் கணக்கு உருவாக்கி, அதில் உள்ளே போய், தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிறதா, எட்டக்கூடாதது எதுவும் எட்டுகிறதா என்று பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை.

மூடினேன், ஆனால் மூடவில்லை

எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இந்த ரகம். காரணங்களும் பெரும்பாலும் நாலைந்துதான்.

முதலாவது, மறைத்ததை மூடியது என்று நினைத்துக்கொள்வது. ஒருவர் தன் தளத்தின் வடிவமைப்பில் இரண்டு வரி சேர்த்துப் பின்னூட்டப் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டார். பார்க்க மூடியது போலத்தான் இருந்தது. குப்பை மட்டும் நிற்கவில்லை. ஏன் தெரியுமா? குப்பை போடுவது மனிதர் இல்லை, நிரல். அது உங்கள் பக்கத்தைக் கண்ணால் பார்த்துப் பெட்டியைத் தேடி எழுதுவதில்லை. வேர்ட்பிரஸ் தளம் எதுவாக இருந்தாலும் பின்னூட்டம் போய்ச் சேரும் கோப்பு ஒன்றுதான், அதன் பெயர் ஊருக்கே தெரியும். நிரல் நேராக அந்தக் கோப்பின் கதவைத் தட்டி, 'இந்த எண் பதிவுக்கு இந்தப் பின்னூட்டம்' என்று கொடுத்துவிட்டுப் போகிறது. முன்வாசலில் திரை போட்டால் கொல்லைப்புறமாக வருகிறவனுக்கு என்ன? உண்மையான தாழ்ப்பாளைப் போட்டால், அதே கோப்பு முதலில் அந்தக் கட்டத்தைப் பார்க்கும். 'க்ளோஸ்டு' என்றிருந்தால், பின்னூட்டம் மூடப்பட்டுவிட்டது, மன்னிக்கவும் என்று திருப்பி அனுப்பிவிடும். யார் வந்தாலும், எந்த வழியாக வந்தாலும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. மூடிய பிறகும் பின்னூட்டப் பட்டியலில் ஏதேதோ வந்து விழும். பார்த்தால் அவை பின்னூட்டங்களே இல்லை. வேறொரு தளம் உங்கள் பதிவுக்குத் தொடுப்புக் கொடுத்தால் 'நான் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன்' என்று தானாகவே வந்து சேரும் அறிவிப்புகள் அவை. பிங்பேக், டிராக்பேக் என்று பெயர். டிராக்பேக் 2002-இல் மூவபிள் டைப் என்ற மென்பொருளோடு வந்தது. வலைப்பதிவர்கள் ஒருவரையொருவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நல்ல ஏற்பாடுதான். இப்போது பெரும்பாலும் குப்பைக்காரர்களுக்குத்தான் பயன்படுகிறது. இதற்கான தாழ்ப்பாள் தனி. பதிவின் வரியில் இதற்கென்று இன்னொரு கட்டம் இருக்கிறது. டிஸ்கஷனை விரித்தால் ஓப்பன், க்ளோஸ்டுக்குக் கீழே இருக்கும் டிக் பெட்டி அதுதான். அதையும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது இதற்கு நேர் எதிர்: திறந்தேன், ஆனால் திறக்கவில்லை. பதிவில் 'ஓப்பன்' என்றுதான் இருக்கிறது, பெட்டியைக் காணோம். செட்டிங்ஸில் டிஸ்கஷனுக்குள் போய்ப் பாருங்கள். இத்தனை நாளுக்கு மேல் பழையதான பதிவுகளைத் தானாக மூடு என்று ஒரு விதி இருக்கும். அதில் இயல்பாக எழுதியிருக்கும் எண் 14. யாராவது டிக் போட்டு வைத்திருந்தால், 15-ஆம் நாள் முதல் அந்தப் பதிவு மூடியதாகவே நடந்துகொள்ளும். இதில் உள்ள குழப்பம் என்னவென்றால், அந்த விதி பதிவின் கட்டத்தில் இருக்கும் சொல்லை மாற்றுவதில்லை. சொல் 'ஓப்பன்' என்றே இருக்கும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது வயதைக் கணக்குப் போட்டு 'இல்லை' என்று சொல்லிவிடும். நீங்கள் எத்தனை முறை திறந்து சேமித்தாலும் ஒன்றும் நடக்காது. இந்த விதி பதிவுகளுக்கு மட்டும்தான், நிலையான பக்கங்களைத் தொடாது. அதனால், நீண்ட நாள் திறந்திருக்க வேண்டிய ஒன்றை, உதாரணமாக அஞ்சலியை, பதிவாகப் போடாமல் பக்கமாகப் போடுவது ஒரு குறுக்குவழி.

பெட்டி வராமல் போவதற்கு வடிவமைப்பும் காரணமாகலாம். சில தீம்களில் பக்கங்களுக்கான வார்ப்பில் பின்னூட்டப் பகுதியையே சேர்த்திருக்க மாட்டார்கள். தாழ்ப்பாள் திறந்திருக்கிறது, கதவைத்தான் சுவர் வைத்து மறைத்திருக்கிறது. வார்ப்பைத் திருத்தினால்தான் சரியாகும்.

கடைசியாக, கேஷ். தளம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று, ஒருமுறை தயாரித்த பக்கத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதையே நீட்டும் ஏற்பாடு பல தளங்களில் உண்டு. நீங்கள் மூடிய பிறகும் வாசகருக்குப் போவது காலையில் சுட்ட இட்லிதான். அதில் பெட்டி இருக்கும். அவர் உட்கார்ந்து நீளமாக எழுதி அனுப்பும்போது மூடியாகிவிட்டது என்று பதில் வரும். எழுதியது போச்சு. கேஷைக் காலி செய்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

எதைத் திறப்பது, எதை மூடுவது

இதற்கு வாய்ப்பாடு கிடையாது. பெரிய இடங்களிலேயே ஆளுக்கொரு வழியில் போயிருக்கிறார்கள். 1872 முதல் வந்துகொண்டிருந்த அமெரிக்க அறிவியல் இதழான பாப்புலர் சயின்ஸ் 2013 செப்டம்பரில் தன் இணையதளத்தில் புதிய கட்டுரைகளுக்குப் பின்னூட்டத்தை நிறுத்தியது. வசைகள் வந்து விழுந்ததில், அறிவியல் முடிவுகளின் மேலேயே வாசகருக்குச் சந்தேகம் வருகிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் முழுக்கப் பூட்டவில்லை. நல்ல விவாதத்துக்கு இடம்கொடுக்கும் சில கட்டுரைகளுக்கு மட்டும் திறப்போம் என்றார்கள். இயல்பு நிலை மூடியது, விலக்கு திறந்தது. 2016 ஜனவரியில் லண்டன் கார்டியன் வேறு மாதிரி: பொதுவாகத் திறந்துவைப்போம், ஆனால் இனம், குடியேற்றம், இஸ்லாம் ஆகிய மூன்று பொருள்களில் கவனிக்க ஆள் இருக்கும்போது மட்டும் திறப்போம்.

நியூயார்க் டைம்ஸின் கணக்கு இன்னும் தெளிவு. 2017-இன் நடுப்பகுதி வரை அங்கே கட்டுரைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் பின்னூட்டம் திறந்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 11,000 பின்னூட்டங்கள்; உட்கார்ந்து படித்து அனுமதிக்க 14 பேர். வாசகர்களிடம் சொல்ல எதுவும் இல்லை என்பதால் மற்ற ஒன்பதை மூடவில்லை, படிக்க ஆள் இல்லை என்பதால்தான். அதற்குப் பிறகு கூகுளோடு சேர்ந்து உருவாக்கிய மென்பொருள் பின்னூட்டங்களை முன்கூட்டியே தரம் பிரித்துக் கொடுக்க, திறக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையை உயர்த்தினார்கள்.

அவர்களுக்கு 14 பேர். உங்களுக்கு? அரை ஆள் இருந்தால் அதிகம். எனவே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பக்கத்தின் கீழே வருவதை அடுத்த ஒரு மாதத்துக்கு யார் படிக்கப்போகிறார்கள்? பெயர் சொல்ல முடிந்தால் திறப்பேன். சங்கத் தளத்தில் ஆண்டு விழாப் பதிவு திறந்திருக்கும். படத்தில் இருப்பது யார் யார் என்று நாங்கள் போடாத பெயர்களை வாசகர்கள்தான் போடுகிறார்கள். தேதி மாற்ற அறிவிப்பை மூடிவிடுவேன். அதில் பேச என்ன இருக்கிறது? வரவு செலவுப் பதிவைத் திறந்துவைக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்து ஜெயித்தேன். மூடினால், இருக்கிற சந்தேகம் வாட்ஸாப்புக்குப் போகும். அங்கே பதில் சொல்லி மாளாது.

திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் ஒரு நிலையும் உண்டு: மட்டுறுத்தல். எழுதலாம், ஆனால் நாங்கள் பார்த்த பிறகுதான் வெளியே வரும். தமிழ் வலைப்பதிவுகள் கொழித்த காலத்தில் இந்தச் சொல் தினமும் அடிபட்டது. பல வலைப்பதிவுகளின் இடுகைகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய, 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் கடைசியாக மறுமொழி வந்த இடுகைகள் தனி வரிசையில் மேலே தெரியும். அதனால் தன் பதிவுக்குத் தானே பின்னூட்டம் போட்டு மேலே தூக்கும் வேலை நடக்கும். 'பின்னூட்டக் கயமை' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று ஓடிவந்து போடும் முதல் பின்னூட்டம், நண்பர்கள் கூடி அடிக்கும் கும்மி, முகம் காட்டாமல் வந்து கடிக்கும் அனானி, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அனானியின் தொல்லை தாங்காமல் முதலில் மட்டுறுத்தலும், அப்புறம் மொத்தப் பூட்டும் போட்டவர்கள் உண்டு. பூட்டிய பிறகு சிலருக்கு எழுதும் ஆசையே போய்விட்டது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

தாழ்ப்பாளே இல்லாத வீடு

பக்கத்துக்குப் பக்கம் மூடும் வசதி ஏதோ சொகுசு என்று தோன்றினால் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சிறார் காவல் இல்லத்தில் நடத்தப்பட்ட விதத்தால் 2016-இல் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஓர் இளைஞரைப் பற்றிச் செய்தி நிறுவனங்கள் தங்கள் பேஸ்புக் பக்கங்களில் செய்தித் தொடுப்புகளைப் போட்டன. கீழே பொதுமக்கள் அவர்மேல் இல்லாததும் பொல்லாததும் எழுதினார்கள். அவர் எழுதியவர்களை விட்டுவிட்டு, பக்கத்தை நடத்திய நிறுவனங்கள்மேல் அவதூறு வழக்குப் போட்டார்.

நாங்களா எழுதினோம் என்று கேட்டன நிறுவனங்கள். தவிர, அந்தச் சமயத்தில் பேஸ்புக் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட பதிவுக்கு மட்டும் பின்னூட்டத்தை நிறுத்திவைக்கும் வசதியே கிடையாது. விசாரணையில் அதற்கும் ஒரு குறுக்குவழி பேசப்பட்டது: குறிப்பிட்ட சொற்கள் வரும் பின்னூட்டங்களை மறைக்கும் வடிகட்டி பேஸ்புக்கில் இருந்தது, ஆங்கிலத்தில் எந்த வாக்கியத்திலும் வந்தே தீரும் சாதாரணச் சொற்களை அதில் போட்டால், கிட்டத்தட்ட எல்லாமே மறைந்துவிடும், பிறகு ஒவ்வொன்றாகப் படித்து நல்லதை வெளியே விடலாம். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைப்பது போன்ற ஏற்பாடு.

2021 மார்ச் இறுதியில்தான் பொதுப் பதிவு ஒவ்வொன்றுக்கும் யார் பின்னூட்டம் இடலாம் என்று கட்டுப்படுத்தும் வசதியைப் பேஸ்புக் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அந்த நாட்டின் உச்ச நீதி அமைப்பு அதுதான், ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: பக்கத்தைத் திறந்து பின்னூட்டத்துக்கு இடமும் ஊக்கமும் கொடுத்த நிறுவனங்கள், அந்தப் பின்னூட்டங்களையும் வெளியிட்டவர்களாகவே கருதப்படும். அந்த மாதமே சிஎன்என் தன் பேஸ்புக் பக்கங்களை ஆஸ்திரேலியாவில் தெரியாதபடி செய்துவிட்டது. ஒரு பதிவுக்கான தாழ்ப்பாள் கைக்கு வந்த பிறகும், வாசற்கதவையே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் சங்கத் தளம் இப்போது வேர்ட்பிரஸில் இருக்கிறது. செயலாளருக்கு எடிட்டர் வேடம். வாத்தியாரின் அஞ்சலி நிலையான பக்கமாக, பழைய பின்னூட்டங்கள் அத்தனையும் தெரியும்படி, மூடியபடி இருக்கிறது. ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் செயலாளரே தன் போனிலிருந்து திறந்து, ஒரு வாரம் வருவதையெல்லாம் படித்துவிட்டு மூடிவிடுகிறார். போன வருடம் எட்டாம் நாள் காலையில் எனக்கு அழைப்பு.

"தம்பி, க்ளோஸ் பண்ணிட்டேன். சேவும் பண்ணிட்டேன். ஆனா என் பொண்ணு பார்த்தா பெட்டி இன்னும் இருக்குங்கறா."

"கேஷைக் காலி பண்ணினீங்களா சார்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இரு, வெச்சுடறேன்" என்றார்.